உலகத் தேர்வுகளின் கணக்குக் கேள்விகளை வீட்டில் கொடுத்துப் பார்ப்பது எப்படி?

12/13 + 7/8. இதன் விடை ஏறக்குறைய எவ்வளவு? கூட்டிப் பார்க்க வேண்டாம், பார்த்த மாத்திரத்தில் சொன்னால் போதும். கொடுக்கப்பட்ட விடைகள்: 1, 2, 19, 21. ஐந்தாவதாக "தெரியாது".

12/13 கிட்டத்தட்ட ஒன்று. 7/8-உம் கிட்டத்தட்ட ஒன்று. ஆக, இரண்டு. 1978-ல் அமெரிக்காவில் நாடு முழுக்க நடந்த ஒரு தேர்வில் இதை 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 2 என்று சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். 19 என்றவர்கள் 28 சதவீதம், 21 என்றவர்கள் 27 சதவீதம். 19 எங்கிருந்து முளைத்தது? மேலே இருக்கும் 12-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 19. கீழே இருக்கும் 13-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 21. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே இரண்டு பின்னங்களைப் பார்க்கவில்லை, நான்கு தனி எண்களைப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி, விடை, எத்தனை பேர் எந்தத் தப்பைச் செய்தார்கள் என்ற கணக்கு, மூன்றுமே பொதுவெளியில் இருக்கின்றன. காசு கிடையாது. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் நின்றுகொண்டு ஒரு போனில் எடுத்துவிடலாம். இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் "வெளியிடப்பட்ட கேள்விகள்" என்கிறார்கள். பெரிய தேர்வுகளை நடத்தும் அமைப்புகள், தேர்வு முடிந்தபின் ஒரு பங்கு கேள்விகளைப் பொதுமக்கள் பார்வைக்கு விட்டுவிடும். அவற்றை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. மும்பையில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரையும், என்னைப் போல சாயங்காலம் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித் தருபவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாள் புதிதில்லை. எஸ்.எஸ்.சி. எனும் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் நவநீத் கைடும் பழைய வினாத்தாள் கட்டும் இல்லாத வீடு மும்பையில் குறைவு. ஸ்காலர்ஷிப் தேர்வுக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பழைய தாளும் நான் சொல்லும் கேள்விகளும் ஒன்றில்லை. பழைய தாளைப் போட்டுப் பார்ப்பது அடுத்த தேர்வில் மார்க் வாங்க. இவை பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று நாம் பார்க்க. இரண்டையும் குழப்பிக்கொண்டால், நல்ல கேள்வி ஒன்று இன்னொரு வீட்டுப்பாடமாகச் செத்துப்போகும்.

ஏன் சிலவற்றை மட்டும் வெளியே விடுகிறார்கள்?

இந்தத் தேர்வுகள் ஒரு பிள்ளைக்கு மார்க் போடுவதற்காக நடப்பவை இல்லை. ஒரு நாட்டின், ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் மொத்தமாக எங்கே நிற்கிறார்கள், நாலு வருடம் கழித்து ஏறினார்களா இறங்கினார்களா என்று பார்க்க நடப்பவை. ஏற்ற இறக்கம் தெரியவேண்டுமானால் போன முறை கேட்ட கேள்விகளில் சிலவற்றை இந்த முறையும் கேட்க வேண்டும். அவை வெளியே தெரிந்துவிட்டால் டியூஷன் சென்டர்கள் சும்மா இருக்குமா? அதனால் திரும்பக் கேட்கவேண்டிய கேள்விகளைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற கேள்விகளை வெளியே விடுகிறார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று மக்கள் பார்க்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது காரணம்.

முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முதலில் சொன்ன பின்னக் கணக்கு "நேப்" என்ற அமெரிக்கத் தேர்வில் வந்தது. 1969-ல் தொடங்கியது, இப்போது 4, 8, 12-ஆம் வகுப்புகளில் நடக்கிறது. கேள்விகளைத் தேடி எடுக்க அவர்கள் தளத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. வகுப்பு, பாடப்பகுதி, கடினம் எனப் பிரித்துப் பார்க்கலாம். அடுத்தது "டிம்ஸ்". ஐ.இ.ஏ. என்ற சர்வதேச அமைப்பு 1995 முதல் நாலு வருடத்துக்கு ஒருமுறை 4, 8-ஆம் வகுப்புகளுக்கு நடத்துவது. மூன்றாவது "பீசா", ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்துவது, 15 வயதுப் பிள்ளைகளுக்கானது. டிம்ஸ் பள்ளியில் சொல்லித் தந்த கணக்கைக் கேட்கும். பீசா, அந்தக் கணக்கை வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேட்கும். இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டு முடிக்கும் 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் தேர்வுத் தாள்களை அரசுத் தளத்தில் முழுசாகவே போட்டுவிடுகிறார்கள். 30 நிமிடத்தில் வெறும் கணக்குப் போடும் தாள் ஒன்று, யோசிக்கவைக்கும் தாள் இரண்டு.

நம் ஊர்ச் சரக்கும் உண்டு. இதே மும்பையில் பிறந்த பிரதம் அமைப்பின் "ஏசர்" ஆய்வு 2005-லிருந்து நடக்கிறது. அதன் கேள்வித்தாள் ஒளிவுமறைவு இல்லாதது, தமிழிலும் கிடைக்கிறது. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் தொடங்கி, வந்தால் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்குக்குப் போவார்கள். வராவிட்டால் எண்களை அடையாளம் காட்டச் சொல்லிக் கீழே இறங்குவார்கள். 2024-ல் கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த வகுத்தலைச் செய்தவர்கள் 30.7 சதவீதம். அது கிராமங்களுக்கான ஆய்வு, தாராவியும் ஆன்டாப் ஹில்லும் அதில் வராது. ஆனால் கருவி வேலை செய்யும். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை திணறுகிறது, எங்கே விட்டது என்று தெரியவில்லை என்றால், நான் முதலில் எடுப்பது இதைத்தான். பத்து நிமிடம் போதும்.

கேள்வியோடு கூட வரும் சாமான்கள்

ஒரு கைடில் இருக்கும் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கேள்வியில் இல்லை, அதைச் சுற்றி வரும் தகவலில் இருக்கிறது. பலர் கேள்வியை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, சரியாகச் செய்தவர்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. பிள்ளை ஒரு கேள்வியில் தோற்றுப்போனால் பதறலாமா வேண்டாமா என்று இதுதான் சொல்லும். உலகத்தில் நூற்றுக்கு எண்பது பேர் போட்ட கணக்கில் தடுமாறுவது வேறு, இருபது பேர் மட்டுமே போட்ட கணக்கில் தடுமாறுவது வேறு. கைடில் இரண்டுக்கும் ஒரே சைஸ் எழுத்துதான்.

இரண்டாவது, தப்பான விடைகள். நான்கு விடை கொடுக்கும் கேள்வியில், தப்பான மூன்றும் சும்மா போட்டவை இல்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தவறான யோசனை இருக்கும்படி உட்கார்ந்து செதுக்கியிருப்பார்கள். 19-உம் 21-உம் அப்படி வந்தவைதான். ஆகவே பிள்ளை எந்தத் தப்பைத் தேர்ந்தெடுத்தது என்பது, தப்பு செய்தது என்பதைவிட அதிகம் சொல்லும். நம் ஊர் வழக்கத்தில் தப்பு என்றால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, அத்தோடு முடிந்தது. டிம்ஸில் எழுதிக் காட்டும் கேள்விகளுக்கு இரண்டு இலக்கக் குறியீடு போடுகிறார்கள். சரியான விடைக்கு 10-லோ 20-லோ தொடங்கும் எண், தப்பான விடைக்கு 70-லிருந்து. இன்ன மாதிரித் தப்பு 70, வேறு மாதிரித் தப்பு 71, வகையில் அடங்காத தப்பெல்லாம் 79, ஒன்றுமே எழுதாவிட்டால் 99. சரியான விடையிலும் இன்ன வழியில் போட்டது 10, வேறு வழியில் போட்டது 11 என்று பிரிப்பதுண்டு. தப்புக்குப் பெயர் வைக்கும் இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் நோட்டிலும் பிள்ளைகள் பெயருக்கு எதிரே இப்படித்தான் எழுதி வைக்கிறேன், குறியீட்டுக்குப் பதில் "கீழெண்களைக் கூட்டினான்", "மீதியை மறந்தாள்" என்று.

மூன்றாவது, திருத்தும் விதி. பீசாவில் வெளியான ஒரு கேள்வியைப் பாருங்கள். ஒரு கடையில் ஒரே தடிமனில் இரண்டு வட்டப் பீட்சா. சின்னதன் விட்டம் 30 செ.மீ., விலை 30 செட். பெரியதன் விட்டம் 40 செ.மீ., விலை 40 செட். எது லாபம், காரணம் சொல். ("செட்" என்பது எந்த நாட்டிலும் இல்லாத கற்பனைக் காசு. ஒரு நாட்டுப் பிள்ளைக்கு மட்டும் விலை பழகியதாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக.) 30-க்கு 30, 40-க்கு 40, அப்போ இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றும். சாப்பிடுவது விட்டத்தையா, பரப்பையா? சின்னதன் ஆரம் 15, பரப்பு சுமார் 707 சதுர செ.மீ.; ஒரு செட்டுக்கு 23.6 வரும். பெரியதன் ஆரம் 20, பரப்பு சுமார் 1,257. ஒரு செட்டுக்கு 31.4. பெரியதுதான் லாபம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இப்படிக் கணக்கே போடாமல் "விலை ஏறுவதைவிடப் பரப்பு வேகமாக ஏறுகிறது" என்று ஒரு வரியில் சொன்னாலும் முழு மதிப்பெண். படிப்படியாக எழுதாவிட்டால் அரை மார்க் போச்சு என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது, 3.14-ஐப் பெருக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால்தான் தெரியும்.

இதை மாட்டுங்கா ஊத்தப்பமாக மாற்றிக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம், பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கேள்வியின் கதையை, எண்ணை, விடைகளின் வரிசையை மாற்றிய கணமே அது வேறு கேள்வி. பழைய சதவீதம் அதற்குச் செல்லாது. பயிற்சிக்கு என்றால் மாற்றுங்கள். வெளியே இருக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட என்றால் ஒரு புள்ளியையும் தொடாதீர்கள்.

31 மீதி 12

வெளியிடப்பட்ட கேள்விகளிலேயே மிகவும் பேசப்பட்டது ஒரு ராணுவ பஸ் கணக்கு. 1980-களின் தொடக்கத்தில் நேப் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் ஏறலாம். 1,128 வீரர்களைப் பயிற்சி முகாமுக்குக் கொண்டுபோக எத்தனை பஸ் வேண்டும்?

1,128-ஐ 36-ஆல் வகுத்தால் 31, மீதி 12. அந்த 12 பேருக்கும் ஒரு பஸ் வேண்டும், ஆக 32. தேர்வு எழுதியவர்களில் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்துவிட்டார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் "31 மீதி 12" என்றே விடை எழுதினார்கள். 18 சதவீதம் 31 என்றார்கள். 32 என்று சொன்னவர்கள் 23 சதவீதம். வகுக்கத் தெரியும், வந்த எண்ணைத் திரும்பக் கேள்விக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. "மீதி 12" பஸ் எந்தக் கம்பெனி செய்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கேள்வியை என்னிடம் வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சயான் பக்கம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிப்பவர்கள், இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பவர்கள், கலவையான கூட்டம். "31 மீதி 12" எதிர்பார்த்தபடியே வந்தது. ஒரு பையன் மட்டும் வெறும் 31 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். மீதியை விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"மீதி எங்கடா?"

"பன்னெண்டு பேரு, அக்கா."

"அவங்க எப்படிப் போவாங்க?"

"பன்னெண்டு பேருதானே? முப்பத்தியோரு பஸ் இருக்கு. ஒரு பஸ்ஸுக்கு ஒருத்தர் கூட ஏறினாலே போதும். அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க."

காலையில் லோக்கல் ட்ரெயின் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்! விதிப்படி இது தப்பு. திருத்தினால் பூஜ்யம்தான், நானும் பூஜ்யம்தான் போட்டேன். ஆனால் "31 மீதி 12" எழுதிய பிள்ளைகள் செய்யாத வேலையை இவன் செய்திருக்கிறான். வந்த விடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கே போய் நின்று பார்த்திருக்கிறான். இவனுக்கு நான் சொல்லித் தரவேண்டியது, "கேள்வியில் 36 என்று சொன்னால் 36-தான், 37 கிடையாது" என்பது மட்டும். மற்றவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியது வேறு. தாளை மட்டும் பார்த்திருந்தால் இவனையும் அவர்களையும் ஒரே கூடையில் போட்டிருப்பேன்.

அதனால் என் வகுப்பில் ஒரு நாளைக்கு இரண்டு கேள்விதான், சில நாள் ஒன்றுதான். முதலில் பேசாமல் போட வேண்டும், நேரக் கட்டுப்பாடு கிடையாது. அப்புறம் சரியோ தப்போ ஒவ்வொருவரும் எப்படிப் போட்டார்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். யார் சரி என்று நான் கடைசிவரை சொல்வதில்லை. இது கொஞ்சம் கஷ்டம். பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே விடையைப் படித்துவிடும். எல்லோரும் பேசி முடித்தபின் அந்த சதவீதத்தைக் காட்டுவேன். "அமெரிக்காவுல நூத்துக்கு இருபத்திமூணு பேருதான் போட்டாங்களா?" என்ற ஆச்சரியத்தில் கணக்குமேல் இருக்கும் பயம் கொஞ்சம் கரையும். இது எந்த ஆராய்ச்சியும் சொன்னதில்லை, நான் பார்த்தது.

எதற்குக் கொடுக்கக் கூடாது

இரண்டு கேள்வியைச் சரியாகப் போட்டுவிட்டான், அதனால் என் பையன் சிங்கப்பூர் லெவல் என்று வாட்ஸாப்பில் போடுவதற்கு இது உதவாது. ஒரே ஒரு கேள்வி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2011 டிம்ஸில் எட்டாம் வகுப்புக்கு வந்த கேள்வி ஒன்று போதும். 1/3 − 1/4, இதைக் கண்டுபிடிக்கச் சரியான வழி எது என்று நான்கு வழிகளைக் கொடுத்திருந்தார்கள். சரியானது (4 − 3)/(3 × 4). தப்பானவற்றில் ஒன்று, மேலே தனியாகவும் கீழே தனியாகவும் கழிப்பது: (1 − 1)/(4 − 3).

கொரியாவில் சரியாகச் சொன்னவர்கள் 86 சதவீதம். பங்கேற்ற நாடுகளின் சராசரி 37. அமெரிக்காவில் 29. கல்விக்குப் பெயர்போன பின்லாந்தில் 16 சதவீதம்! நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 சதவீதம் வரவேண்டும். அதற்கும் கீழே போகிறது என்றால் பிள்ளைகள் குருட்டாம்போக்கில் தொடவில்லை, ஒரு தப்பான வழியை நம்பிக்கையோடு தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சரி, அப்போ பின்லாந்து கணக்கில் அமெரிக்காவைவிட மோசமா? அதே தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் பின்லாந்து 514, அமெரிக்கா 509. ஒரு கேள்வியை வைத்து நாட்டை எடைபோட்டால் தலைகீழ் முடிவுக்கு வந்திருப்போம். நாட்டுக்கே இப்படி என்றால் ஒரு பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

அந்த 514, 509 எல்லாம் நூற்றுக்கு எத்தனை என்ற மார்க் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிம்ஸ், பீசா இரண்டும் 500-ஐ நடுவாக வைத்துத் தொடங்கிய அளவுகோல்கள். டிம்ஸில் 400 என்றால் அடிப்படை ஓரளவு தெரியும், 475 நடுத்தரம், 550 உயர்வு, 625 மிக உயர்வு. இந்த எண்ணை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் இந்த முழு விஷயத்தின் இதயம். ஆங்கிலத்தில் ஐ.ஆர்.டி. (ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி) என்பார்கள். சூத்திரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், யோசனை எளிது.

உயரம் தாண்டும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கம்பு வைத்திருக்கிறார்கள், ஒருவன் ஆறைத் தாண்டினான், இன்னொருவனும் ஆறைத் தாண்டினான். இருவரும் சமமா? கம்புகளின் உயரம் தெரியாமல் சொல்ல முடியாது. முழங்கால் உயரக் கம்பு ஆறைத் தாண்டியவனும் மார்பு உயரக் கம்பு ஆறைத் தாண்டியவனும் ஒன்றாக மாட்டார்கள். தேர்வில் கேள்விதான் கம்பு. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தாண்டியும் தட்டியும் விட்டதை வைத்து ஒவ்வொரு கேள்வியின் "உயரத்தை" முன்கூட்டியே அளந்துவிடுகிறார்கள். உயரம் தெரிந்த கம்புகள் கையில் இருந்தால், அதே கம்புகளை வேறு ஊருக்கு எடுத்துப்போய் அங்குள்ள பிள்ளைகளையும் அதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். எல்லோரும் எல்லாக் கேள்வியையும் எழுதவேண்டும் என்றுகூட இல்லை.

இதை நிஜமாகவே இந்தியாவில் செய்து காட்டியிருக்கிறார்கள். இந்தியா டிம்ஸில் கலந்துகொள்வதில்லை. ஜிஷ்ணு தாஸ், டிரிஸ்டன் ஜயோன்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1999 டிம்ஸில் எட்டாம் வகுப்புக்குக் கேட்டு வெளியிடப்பட்ட கேள்விகளில் 36-ஐ எடுத்து, ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கேள்விகளின் உயரம் ஏற்கெனவே தெரியும் என்பதால், டிம்ஸ் நடத்தாமலே இந்த இரண்டு மாநிலங்களையும் உலக வரிசையில் பொருத்திப் பார்க்க முடிந்தது. 2008-ல் உலக வங்கியின் ஆய்வுத் தாளாக வந்தது. இரண்டு மாநிலங்களும் 51 நாடுகளில் 43-க்குக் கீழே இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த முடிவு. மதிப்பெண்ணில் மேலே இருக்கும் பிள்ளைகளுக்கும் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள இடைவெளி, தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்தபடி இங்கேதான் அதிகம். சராசரி எவ்வளவு என்று மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ஒரே தெருவில் அடுக்குமாடி டவரும் ஒண்டுக்குடித்தனச் சாலும் எதிரெதிரே நிற்கும் மும்பைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. பீசாவின் 2009 சுற்றைக் கொஞ்சம் தாமதமாக எழுதிய இடங்களில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இருந்தன. முடிவு 2011-ல் வந்தது. கணக்கில் தமிழ்நாடு 351, இமாச்சலம் 338. அதே சுற்றில் ஷாங்காய் 600. மொத்தம் 74 இடங்களில் கடைசிக்குப் பக்கத்தில். "கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத சூழலில் இருந்தன" என்று அப்போது இங்கே வாதம் எழுந்தது. அடுத்து 2022 சுற்றில் கலந்துகொள்ளத் திட்டமிட்டார்கள், நடக்கவில்லை. அந்த வாதத்தில் எவ்வளவு நியாயம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பீசாவின் வெளியான கேள்விகள் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கின்றன. நான் பார்த்தவரை, சூழல் ஒரு காரணம்தான், ஆனால் பீட்சாவை ஊத்தப்பமாக மாற்றியபின்னும் "இரண்டும் ஒன்றுதான் அக்கா" என்ற விடை வராமல் இல்லை.

ஆக, 36 கேள்வி, ஆயிரக்கணக்கான பிள்ளைகள், தகுந்த புள்ளியியல், இவை இருந்தால் ஒப்பிடலாம். வீட்டுக் கூடத்தில் ஒரு பிள்ளை, ஐந்து கேள்வி என்றால் ஒப்பிடும் ஆசையை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் யோசனையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சில நடைமுறை விஷயங்கள்

எடுக்கும்போது வகுப்பைவிட ஒரு படி கீழே இருந்து தொடங்குங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்பு டிம்ஸ் கேள்வி கொடுத்தால் அவமானம் இல்லை, அதில் சில கேள்விகள் பெரியவர்களையே யோசிக்கவைக்கும். அமெரிக்கக் கேள்விகளில் அங்குலம், பவுண்டு, அங்குள்ள காசுகளான குவார்ட்டர், டைம் என்றெல்லாம் வரும். அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள், நாணயத்தின் பெயர் தெரியாமல் தோற்கும் பிள்ளை கணக்கில் தோற்கவில்லை.

தமிழில் சொல்லும்போது கேள்வியைவிட எளிதாக்கிவிடாதீர்கள். "மொத்தம் எத்தனை" என்று நாம் வாயில் ஊட்டிவிட்டால், கூட்டலா பெருக்கலா என்று பிள்ளை முடிவுசெய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிடுகிறோம். எழுதிக் கொடுத்து, புரியவில்லை என்றால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

கேள்விகள் இலவசம் என்பதால் உரிமை யாருக்கும் இல்லை என்று ஆகிவிடாது. டிம்ஸ் கேள்விகளின் உரிமை ஐ.இ.ஏ.விடம் இருக்கிறது. வகுப்பில் கொடுப்பது ஒன்று, தொகுத்து அட்டை போட்டு விற்பது வேறு. விற்கப் போகிறவர்கள் முதலில் அனுமதி கேட்க வேண்டும். மற்றவர்கள் தாளின் அடியில் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பிள்ளையிடம் லிங்க்கைக் கொடுக்காதீர்கள். இவை பழைய கேள்விகள், பலவற்றுக்கு விடையும் விளக்கமும் ஒரு தேடலில் வந்துவிடும். கையால் எழுதிக் கொடுங்கள்.

தொடங்குவதற்கு ஒன்று. 1995 டிம்ஸில் வெளியானது. ஒரு உணவில் 100 கிராமுக்கு 300 கலோரி இருக்கிறது. அதே உணவில் 30 கிராமுக்கு எத்தனை கலோரி? விடைகள்: 90, 100, 900, 1,000, 9,000. சரியானது 90. பிள்ளை 9,000 என்று சொன்னால், கண்ணில் பட்ட 300-ஐயும் 30-ஐயும் பெருக்கிவிட்டது. 30 கிராம் என்பது 100 கிராமைவிடக் குறைவுதானே, கலோரி கூடுமா குறையுமா என்று மட்டும் கேளுங்கள், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். 1,000 என்று சொன்னால், 300-ஐ 30-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கியிருக்கலாம், அதாவது விகிதம் என்று தெரிந்திருக்கிறது, தலைகீழாகப் பிடித்திருக்கிறது. 10 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு படி இறங்கி வரச் சொல்லுங்கள். 100 என்று சொன்னால் 30-ஐ மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டதா, எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 90 என்று சரியாகச் சொன்னாலும் எப்படி என்று கேளுங்கள்.